ஒரே முற்றத்தில் கடையும் மேடையும்: லீட்ஸ் நகரத்து ஆர்கேடுகள்

மழைக்கு ஒதுங்கிக்கொண்டே ஒரு முழு நாளைக் கழிக்க இங்கிலாந்தில் எந்த ஊர் தோதானது என்று என்னைக் கேட்டால், யார்க்ஷயரின் லீட்ஸைத்தான் சொல்வேன். பிரிக்கேட் என்ற பெரிய கடைத்தெருவின் இருபக்கமும் ஆர்கேடுகள், அதாவது கண்ணாடிக் கூரை போட்ட பழைய கடைச்சந்துகள், கிளைபிரிகின்றன. அவற்றுக்கு இடையிலேயே 1865 முதல் ஆட்டமும் பாட்டும் கண்ட சிட்டி வெரைட்டீஸ் அரங்கும் ஒளிந்திருக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் கடைகளை ஒரு பக்கத்திலும் அரங்குகளை வேறொரு பக்கத்திலும் போடுகின்றன. லீட்ஸில் இரண்டும் ஒரே வியாபாரக் கணக்கிலிருந்து பிறந்தவை என்பதால், அந்தப் பிரிவினை எனக்கு உடன்பாடில்லை.

1207-இல் இவ்வூருக்கு நகர உரிமைச் சாசனம் கிடைத்தபோது, பிரிக்கேட்டை ஒட்டிய நிலத்தை முகப்பு குறுகியும் பின்பக்கம் நீண்டும் இருக்கும் மனைகளாகப் பிரித்தார்கள். பின்னாளில் அந்த மனைகளில் சத்திரங்களும் அவற்றின் முற்றங்களும் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெருமுகப்பு நிலத்தின் விலை ஏறியபோது, உள்ளே சும்மா கிடந்த முற்றத்தின் மேல் கூரை போட்டு, இரு ஓரமும் கடை வைத்து வாடகைக்கு விடலாம் என்பது நல்ல லாபக் கணக்காகிவிட்டது. ஆர்கேடுகள் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதற்கு அந்தப் பழைய மனைகளே காரணம்.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் சார்ல்ஸ் தார்ன்டன். ஒயிட் ஸ்வான் என்ற மதுவிடுதியை நடத்திய அவர், அதை ஒட்டி 1865-இல் ஒரு மியூசிக் ஹால், அதாவது பாட்டும் நகைச்சுவையும் கலந்த நிகழ்ச்சிகளுக்கான அரங்கு, கட்டினார்; இன்றைய சிட்டி வெரைட்டீஸ் அதுதான். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1878-இல், பிரிக்கேட்டில் இன்னொரு சத்திரத்து முற்றத்தின் மேல் தார்ன்டன் ஆர்கேடை எழுப்பினார். கேளிக்கைக்குக் கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர் என்பதற்கு அதன் கடிகாரமே சாட்சி. வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவலில் வரும் ரிச்சர்ட் மன்னர், ராபின் ஹூட், துறவி டக், பன்றி மேய்ப்பவன் கர்த் ஆகிய நால்வரும் ஆளுயர மரச்சிலைகளாக அதைச் சூழ்ந்து நிற்கிறார்கள். மணியடிக்கும் நேரத்தில் கீழே நின்று பார்த்தால், கையில் பையோடு விரைந்து போகிறவர்களில் சிலராவது நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். கடைக்காரருக்கு வேண்டியதும் அந்த நிற்றல்தானே.

அடுத்த தலைமுறையில் இந்த உறவு இன்னும் வெளிப்படையானது. நெரிசலான சந்துகளும் இறைச்சிக் கடைகளும் இருந்த ஒரு வட்டாரத்தையே இடித்துவிட்டு, 1898-க்கும் 1904-க்கும் இடையே கட்டப்பட்டது கவுன்டி ஆர்கேட் தொகுதி. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் மாட்சம். லண்டன் கோலிசியம், பல்லேடியம் போன்ற அரங்குகளால் பெயர் பெற்றவர். அதே தொகுதிக்குள் எம்பயர் என்ற நாடக அரங்கையும் அவர் வைத்தார். சியனா பளிங்குத் தூண்கள், லீட்ஸிலேயே சுட்டெடுத்த பர்மன்டாஃப்ட்ஸ் மெருகுச் சுடுமண் அலங்காரம், மொசைக் பதித்த குவிமாடங்கள் என்று கடைவீதியையும் அவர் அரங்கைப் போலவே ஒப்பனை செய்திருக்கிறார். உள்ளே நடப்பவருக்குத் தாம் வாடிக்கையாளரா பார்வையாளரா என்பதே கொஞ்சம் குழம்பும்.

எம்பயர் இன்று இல்லை. 1961-இல் அது மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. இந்த நகரத்துக்கு நேர்ந்த பெரிய இழப்புகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். கவுன்டி ஆர்கேட் பிழைத்தது. அதை ஒட்டிய விக்டோரியா அரசி தெருவுக்கும் 1990-இல் ஓவியர் பிரையன் கிளார்க்கின் வண்ணக் கண்ணாடியில் கூரை போட்டு, மொத்தத்துக்கும் விக்டோரியா குவார்ட்டர் என்று பெயரிட்டார்கள். கூரை அழகுதான், கடைகளின் விலைதான் என் பைக்கு எட்டவில்லை.

சிட்டி வெரைட்டீஸின் கதை வேறு. 1953 முதல் முப்பது ஆண்டுகள் பிபிசி தன் 'தி குட் ஓல்ட் டேஸ்' என்ற பழைய மியூசிக் ஹால் பாணி நிகழ்ச்சியை அங்கேதான் படமாக்கியது. பார்வையாளர்களும் பழங்கால உடையணிந்து வந்து அமர்ந்தார்கள். தொலைக்காட்சியால் எத்தனையோ மியூசிக் ஹால்கள் அழிந்த காலத்தில், இந்த ஒன்றுக்குத் தொலைக்காட்சியே துணை நின்றது. 2011-இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்த அரங்கில் இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. லீட்ஸுக்குப் போகிறவர்கள் பகலில் ஆர்கேடுகளைப் பார்த்துவிட்டு, இரவுக்கு இங்கே ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். தார்ன்டனின் இரண்டு முதலீடுகளுக்கும் இடையே சில நிமிட நடைதான்.