எச்.ஐ.வி மாதிரியிலிருந்து மர வரைபடம் வரை: லேபில் பட்ட பாடு

முனைவர் பட்ட ஆய்வில் என் பங்குக்கு வந்தது, எச்.ஐ.வி மாதிரிகளை சீக்வென்ஸ் செய்து (மரபணு எழுத்துகளின் வரிசையைப் படித்து) எது எந்தத் துணைவகை (ஏ, பி, சி என்று பெயரிட்ட கிளை) என்று பிரிக்கும் வேலை. மாதிரிகளில் ஒரு பகுதி தென் மாநிலங்களைச் சேர்ந்தவை, மீதி மணிப்பூரிலிருந்து வந்தவை. "எல்லாம் சி-னுதான் வரப்போகுது, இதுக்கு ஏன் இவ்வளவு செலவு?" என்று லேபில் ஒருவர் ஆரம்பத்திலேயே கேட்டார். தென்னிந்திய மாதிரிகளில் அவர் சொன்னதுதான் நடந்தது. மணிப்பூர் மாதிரிகள்தான் வேலை வைத்தன. இதே வேலையில் இறங்கப்போகிற மாணவர்கள் அடிக்கடி விசாரிப்பதால் எழுதிவைக்கிறேன்.

எத்திக்ஸ் கமிட்டி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படிவம், திருத்தம், மறுபடியும் படிவம். பொறுமை இருந்தால் போதும்.

லேப் வேலை இப்படிப் போகும்: மைனஸ் எண்பது டிகிரியில் வைத்திருக்கும் பிளாஸ்மாவை எடுத்து, அதிலிருந்து ஆர்.என்.ஏ-வைப் பிரித்து, அதை டி.என்.ஏ-வாக மாற்றி, நெஸ்டட் பி.சி.ஆர் (டி.என்.ஏ துண்டை இரண்டு சுற்றில் பல பிரதிகளாகப் பெருக்கும் முறை) ஓட்ட வேண்டும். முதல் சுற்றில் நீளமான துண்டு, அதற்குள்ளேயே இரண்டாம் சுற்று. பெரும்பாலும் 'போல்' ஜீனில்தான் தொடங்குவார்கள். மருந்துகள் குறிவைக்கும் என்சைம்கள் அங்கேதான் இருப்பதால், மருந்து எதிர்ப்புத்திறன் பரிசோதனைக்கும் துணைவகைக்கும் ஒரே சீக்வென்ஸ் உதவும்.

பி.சி.ஆரில் வந்த துண்டுகளைப் பட்டைகளாக (பேண்ட்) காட்டும் ஜெல்லில், வரும் என்று தெரிந்தே வைத்த பாசிட்டிவ் கண்ட்ரோல் மட்டும் பளிச்சென்று நின்றது. பக்கத்துக் குழிகள் (வெல்) பல காலி. பின்னால் வந்து நின்ற சீனியர் அக்கா, "வைரல் லோடு எவ்வளவுன்னு பாத்தியாடி?" என்றார். ரத்தத்தில் வைரஸ் மில்லிக்கு ஆயிரம் காப்பிக்குக் கீழே இருந்தால் பேண்ட் வராமல் போவது சகஜம். ஆனால் லட்சத்தைத் தாண்டிய மாதிரிகளும் மௌனம் சாதித்தன. "அப்ப ப்ரைமரோட வாலைப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

விஷயம் அங்கேதான் இருந்தது. ப்ரைமர் என்பது, நகலெடுப்பு தொடங்க வேண்டிய இடத்தில் போய் ஒட்டும் சிறு டி.என்.ஏ துண்டு. எச்.ஐ.வி ஜீனோமில் எந்த இடத்தைக் குறிப்பிட்டாலும் எச்.எக்ஸ்.பி2 என்ற மாதிரியின் எண்ணை வைத்துத்தான் சொல்வார்கள். அது பிரான்சில் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ், துணைவகை பி. பழைய ப்ரைமர்கள் பலவும் பி-யைப் பார்த்து வடிவமைத்தவை. உலகத்தில் எச்.ஐ.வி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருப்பதோ சி. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதன் ஆட்சிதான். எச்.ஐ.வி சீக்வென்ஸ்களைத் தொகுத்து வைத்திருக்கும் லாஸ் அலமோஸ் தரவுத்தளத்திலிருந்து இந்திய சி சீக்வென்ஸ்களை இறக்கி, என் ப்ரைமரை அவற்றுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். மூன்று-பிரைம் முனையின் (என்சைம் எழுதத் தொடங்கும் முனை, அக்கா சொன்ன வால்) கடைசி எழுத்து பலவற்றில் பொருந்தவில்லை. நடுவில் ஓர் எழுத்து பிசகினால் பி.சி.ஆர் பொறுத்துக்கொள்ளும், முனையில் பிசகினால் என்சைம் நகராது. இரண்டு எழுத்தையும் ஏற்கும்படி டிஜெனரேட் ப்ரைமர் எழுதி வாங்கிய பிறகு பேண்டுகள் வந்தன. கிட்டில் வரும் ப்ரைமரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள் என்பேன்.

அடுத்தது குரோமட்டோகிராம், சீக்வென்ஸ் எந்திரம் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு பீக்காக வரைந்து தரும் படம். ஒரே இடத்தில் இரண்டு பீக் தெரிந்தால் புதிதாக வருபவர்கள் கலப்படம் என்று பயந்துவிடுவார்கள். நெகட்டிவ் கண்ட்ரோல் (மாதிரி போடாத குழாய்) சுத்தமாக இருந்தால் பயம் வேண்டாம். ஒரே ஆளின் உடம்பில் சற்றே வேறுபட்ட வைரஸ்கள் கூட்டமாக இருப்பதைத்தான் அந்த இரட்டை பீக் காட்டுகிறது. ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ-வாக நகலெடுக்கும் இந்த வைரஸின் என்சைம் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸுக்குப் பிழை திருத்தும் பழக்கம் கிடையாது. எழுதியது எழுதியதுதான்.

துணைவகை தெரிந்து யாருக்கு என்ன லாபம் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். அதே ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் 106-வது கோடானை (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து) சொல்லுங்கள். எஃபாவிரென்ஸ் மருந்திலிருந்து தப்ப, அந்த இடத்தில் வேலின் மாறி மெத்தியோனின் வந்தால் வைரஸுக்கு வசதி. பி-யில் அங்கே ஜி-டி-ஏ இருக்கும், ஏ-டி-ஜி ஆவதற்கு இரண்டு எழுத்து மாற வேண்டும். சி-யில் ஜி-டி-ஜி, ஒரு எழுத்து மாறினால் போதும். அதனால்தான் இந்த மாற்றம் சி-யில் அதிகமாகத் தென்படுகிறது. ஒன்றைக் கூடவே சொல்லிவிட வேண்டும்: ஏ, பி, சி எதுவாக இருந்தாலும் இன்றைய கூட்டு மருந்துகள் வேலை செய்யும். "எனக்கு எந்த டைப்?" என்று ஏ.ஆர்.டி (எச்.ஐ.வி கூட்டு மருந்து) மையத்தில் யாரும் கலங்கத் தேவையில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது எச்.ஐ.வி-2, எச்.ஐ.வி-யின் இன்னொரு தனி வகை. எஃபாவிரென்ஸ், நெவிரபின் ரகம் அதன்மேல் பலிக்காது. அது இந்தியாவிலும் உண்டு.

இனி மணிப்பூர் மாதிரிகள். போல் சீக்வென்ஸை ரேகா, காமெட் போன்ற ஆன்லைன் கருவிகளில் போட்டதும் பெரும்பாலும் சி என்றே வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அறிக்கை அன்றே முடிந்திருக்கும். கைடு விடவில்லை. "காக், என்வ் ரெண்டையும் பண்ணு" என்றார். இரண்டும் எச்.ஐ.வி-யின் வேறு முக்கிய ஜீன்கள். அலுப்பாக இருந்தது, செய்தேன். ஒரு மாதிரியில் போல் சி-யாகவும் என்வ் பி-யாகவும் வந்தது. குழாய் மாறிவிட்டதோ என்ற சந்தேகம் தீர, மூலப் பிளாஸ்மாவிலிருந்து மறுபடி எடுத்து ஓட்டினோம். அதே பதில்தான். பூட்ஸ்கேன் (சீக்வென்ஸின் ஒவ்வொரு பகுதியும் எந்தத் துணைவகைக்கு நெருக்கம் என்று காட்டும் வரைபடம்) போட்டதில் கோடு சி-யில் ஓடிக்கொண்டிருந்து, ஓர் இடத்தில் சடாரென்று பி-க்குத் தாவியது. ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி, தையல் விழுந்த இடம் தெளிவாகத் தெரிந்தது.

ஒவ்வொரு வைரஸ் துகளுக்குள்ளும் ஆர்.என்.ஏ இரண்டு பிரதி இருக்கும். ஒரே செல்லில் இரண்டு துணைவகைகள் நுழைந்துவிட்டால், ஒன்றிலிருந்து ஒரு பிரதி, மற்றதிலிருந்து ஒரு பிரதி என்று ஒரே துகளுக்குள் சேர வாய்ப்புண்டு. அடுத்த செல்லில் நகலெடுக்கும்போது என்சைம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இரண்டு துணைவகைகள் ஒரே ஊரில், ஒரே ஆட்களிடம் சுற்றினால்தான் இது நடக்கும்.

மணிப்பூரில் அந்தச் சூழல் இருந்தது. மோரே என்றால் நம்மவர்களுக்கு, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய எல்லை ஊர் என்று தெரியும். அந்த எல்லை வழியே ஹெராயினும் வந்தது. 1989, 1990 வாக்கில், ஊசிவழி போதை எடுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எச்.ஐ.வி மிகக் குறுகிய காலத்தில் பரவிவிட்டது. கிழக்கிலிருந்து தாய்லாந்து பி, மேற்கிலிருந்து இந்திய சி, நடுவில் பகிர்ந்த ஊசி. இதே இரண்டும் சீனாவின் யுன்னானில் கலந்து உண்டானவைதான் சி.ஆர்.எஃப்07_பி.சி, 08_பி.சி (சி.ஆர்.எஃப் என்றால் பலரிடம் பரவிச் சுற்றும் கலப்பு வைரஸ்). அவற்றின் சி பகுதிகளை மரத்தில் (சீக்வென்ஸ்களின் உறவைக் காட்டும் வம்சாவளி வரைபடத்தில்) வைத்தால் இந்திய சி-யோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

தென்னிந்திய மாதிரிகள் மரத்தில் நின்ற விதம் வேறு. தென்னாப்பிரிக்க சி-யோடு உறவு தெரிந்தாலும், இந்திய சீக்வென்ஸ்கள் பெரும்பாலும் தனிக் கிளையாகக் கூடின. 1986-ல் நுண்ணுயிரியல் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகள் தெரியவந்தன. பெருமளவில் ஒரே வேரிலிருந்து கிளைத்த பரவலாகத்தான் இங்குள்ளதைப் பார்க்கிறார்கள்.

மரம் வரைந்ததும் சிலர் கேட்பது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று. இரண்டு சீக்வென்ஸ் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது. நடுவில் நமக்கு மாதிரி கிடைக்காத மூன்றாம் ஆள் இருக்கலாம். இது வழக்கு வரை போகக்கூடிய சமாச்சாரம். எங்கள் மரத்தில் மாநிலம், ஆண்டு தவிர வேறு அடையாளம் போடவில்லை.

அந்த பி-சி மாதிரிக்கு சி.ஆர்.எஃப் எண் ஒன்று வாங்கிவிடலாம் என்று எனக்கு ஆசை. கைடு சிரித்தார். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேரிடமாவது அதே ஒட்டு, அதே தையலோடு கிடைத்தால்தான் அந்தப் பெயர். ஒரே ஆளிடம் இருக்கும்வரை அது யு.ஆர்.எஃப், அதாவது தனித்த கலப்பு வைரஸ், மட்டும்தான். முழு ஜீனோம் எடுத்துப் பார்க்க, ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளுக்கு ப்ரைமர் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை முனைகளைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர்.