ஈஸ்டர் முயலுக்கு ஊதா நிறக் காதுகள்

ஈஸ்டர் நெருங்குவதால், இன்று காலை முழுவதும் மூன்று வயது மகளோடும் ஐந்து வயது மகனோடும் தரையில் அமர்ந்து முயல் படங்களுக்கு வண்ணம் தீட்டினேன். சிறு விரல்களுக்கு மெல்லிய பென்சிலைவிடத் தடித்த கிரேயான் பிடிக்க எளிது என்பதால், கோடுகள் தடிமனாகவும் இடைவெளிகள் பெரிதாகவும் உள்ள படங்களையே தேர்ந்தெடுத்திருந்தேன். மகள் காதுகளுக்கு ஊதா பூசியபோது, திருத்துவதற்காக நீண்ட என் கையை அடக்கிக்கொண்டேன். கோட்டைத் தாண்டினாலும் அந்தக் காதுகள் அவளுடையவை. ஈஸ்டருக்கு முட்டை கொண்டுவருவதாகக் கதைகளில் வரும் இந்த முயல் 1682ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் எழுத்தில் இடம்பெற்றது என்றும், பின்னர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குச் சென்றது என்றும் மகனிடம் சொன்னேன். "முயல் எப்படிம்மா முட்டையெல்லாம் தூக்கும்?" என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திராமல் அதன் முதுகில் ஒரு கூடையை வரைந்துவிட்டான். ஜெர்மனியின் பழைய வாழ்த்து அட்டைகளிலும் முயல் அப்படித்தான் கூடை சுமக்கிறது.