மழைச்சாமியின் வாசலில்

காலை ஏழு மணிக்கெல்லாம் மெக்சிகோ நகரத்தின் சொகாலோ சதுக்கத்துக்குப் போய்விட்டேன். இந்த ஊரின் பழைய பெருங்கோயிலான டெம்ப்லோ மயோர் திறக்க ஒன்பது ஆகும். எல்லோரும் அதைத் தொல்லியல் களம் என்பார்கள், எனக்கு அது கோயில்தான், தரிசனத்துக்கு என்றே போனேன். பக்கத்துத் தெருவில் ஒரு வயதான அம்மா கடை வாசலில் தண்ணீர் தெளித்துக் கூட்டிக்கொண்டிருந்தார். நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் இந்த ஊரின் பழைய அஸ்தெக் மக்களுக்குப் பெருக்குவது வீட்டு வேலை மட்டும் இல்லை, வழிபாடு. விடிவதற்கு முன்னால் வாசலும் முற்றமும் கூட்டி, கோபல் என்ற மரப்பிசினைத் தணலில் போட்டுச் சாமிக்குப் புகை காட்டுவார்கள். அவர்களுடைய ஆண்டில் 20 நாள் கொண்ட மாதங்கள் 18, அதில் ஒன்றுக்குப் பெயரே ஒச்பனிஸ்த்லி, அதாவது பெருக்குதல்.

கதவு திறந்ததும் உள்ளே இறங்கினேன். ஆமாம், இறங்கத்தான் வேண்டும், கோயில் இப்போது தெரு மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 1325-ல் இதே இடத்தில், ஏரி நடுவே ஒரு தீவில், அஸ்தெக் மக்களின் தெனோச்தித்லான் நகரம் எழுந்ததாகச் சொல்வார்கள். பழைய கோயிலை இடிக்காமல் அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று ஏழு கட்டமாகப் போர்த்திப் போர்த்திக் கட்டினார்கள். உச்சியில் இரட்டைச் சன்னதி: தெற்கே போர்க்கடவுள் ஹுயித்சிலோபோச்த்லி, வடக்கே மழைச்சாமி த்லாலோக். 1521-ல் நகரம் விழுந்தபின் ஸ்பானியர்கள் மேலே இருந்ததை எல்லாம் தகர்த்துக் கற்களை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் உள்ளே ஆழத்தில் இருந்த பழைய கோயில், சுமார் 1390-ஐச் சேர்ந்தது, தப்பிவிட்டது. இன்று நாம் பார்க்கிற சன்னதி அதுதான்.

த்லாலோக் பக்கம் போனதும் கால் நகரவில்லை. வயிற்றின்மேல் பாத்திரம் ஏந்தி மல்லாந்து சாய்ந்திருக்கும் சக்மோல் சிலை, அதன் உடம்பில் இன்னும் சிவப்பும் நீலமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு சின்னப் பீடத்தில் இரண்டு கல் தவளைகள். மழைச்சாமி சன்னதியில் தவளை! மழைக்கு ஏங்கி வானத்தையே பார்த்துக் கிடந்தவர்கள்தான் இதைச் செதுக்கியிருப்பார்கள் என்று தோன்றியது, கைகள் தானாகவே கூப்பிக்கொண்டன.

ஆனால் இதே பக்கத்தில்தான் 42 குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. 1454-ஐ ஒட்டிய கொடும் பஞ்சத்தில் மழை வேண்டிக் கொடுத்த பலி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதை மறைத்துவிட்டு அந்தச் சாமியைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. கூப்பிய கையோடு அந்தப் பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொண்டேன், அப்புறம் ரொம்ப நேரம் யாரிடமும் பேசவில்லை.

அருங்காட்சியகத்துக்குள் கொயோல்ஷாவ்கி கல் இருக்கிறது. 1978-ல் மின்வாரியத் தொழிலாளர்கள் குழி தோண்டும்போது அகப்பட்ட வட்டக்கல் அது, மூன்று மீட்டருக்கும் மேல் அகலம், கை கால் துண்டாகிக் கிடக்கும் பெண்தெய்வம். அந்தக் கதையும் பெருக்குவதில்தான் தொடங்குகிறது. கோவாதெபெக் மலையில் தாய்த்தெய்வம் கோவாத்லிக்வே கூட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு இறகுப் பந்து வந்து விழ, அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டவள் கருவுற்றாள். ஆத்திரப்பட்டு அம்மாவையே கொல்ல வந்த மகள் கொயோல்ஷாவ்கி. அந்த நேரம் ஆயுதத்தோடு பிறந்த ஹுயித்சிலோபோச்த்லி அவளை வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்டான். அதனால்தான் அந்தக் கல் கோயில் படிக்கட்டின் அடியில் கிடந்தது.

எனக்கு என்னவோ அவர்கள் பக்தி இந்தப் பெரிய கல்லைவிட வீட்டுக்குள்தான் நெருக்கமாகத் தெரிகிறது. மூன்று கல் வைத்த அடுப்பு அங்கே நெருப்புச் சாமியின் இடம். சோளத்தைப் பானையில் போடும் முன்பு பெண்கள் அதன்மேல் மெதுவாக ஊதுவார்களாம், சூட்டுக்கு அது பயப்படக் கூடாது என்று. தரையில் சிந்திக் கிடக்கும் சோளத்தைப் பொறுக்கி எடுக்காவிட்டால் அது சாமியிடம் போய் முறையிடும் என்றும் நம்பினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் சஹாகுன் என்ற பாதிரியார் அந்த மக்கள் சொல்லக் கேட்டு எழுதிவைத்த செய்திகள் இவை. சோற்றைச் சிந்தினால் அதட்டுகிற பாட்டியிடம் வளர்ந்தவள் நான், எனக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மத்தியானம் தெபெயாக் குன்றுக்குப் போனேன். முன்பு தொனான்சின், 'நம் தாய்', என்று கும்பிட்ட இடம், இன்று குவாதலூப்பே மாதா கோயில். ஒரு இளம்பெண் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்காலால் நடந்து போனாள், அவள் அம்மா முன்னால் ஒரு போர்வையை விரித்து விரித்துப் போட்டுக்கொண்டே போனார். படியேறி மேலே போய் நின்றபோது வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கத் தோன்றவில்லை. நனைந்துகொண்டே த்லாலோக் பெயரை இரண்டு தடவை சொன்னேன்.