அகியோஷி தொகுப்பு: மூன்று சிடி, ஐந்து வாரம்

ஜப்பானிய ஜாஸ் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான தோஷிகோ அகியோஷி, கணவர் லூ டபாக்கினோடு நடத்திய 16 பேர் கொண்ட பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் குழு), எழுபதுகளில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த ஐந்து ஸ்டூடியோ ஆல்பங்களை மொசைக் நிறுவனம் மூன்று சிடிகளாகத் தொகுத்திருக்கிறது. வாரத்துக்கு ஓர் ஆல்பம், கையில் ஒரு நோட்டு என்று உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் முடிந்தபோது முதல் ஆல்பத்தையே தாண்டவில்லை.

அதன் தலைப்பு இசையான 'கோகுன்' விடவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததை ஏற்காமல் பிலிப்பைன்ஸ் காட்டில் ஏறத்தாழ 30 வருடம் ஒளிந்திருந்து, 1974இல் வெளியே வந்த ஜப்பானியச் சிப்பாயை நினைத்து எழுதியது. அதில் 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் சுஸுமி மேளம் வருகிறது, அடி விழுவதற்குமுன் மேளக்காரர் "யோ..." என்று இழுக்கிறார். மிருதங்கம் கேட்டுப் பழகிய என் கை தானாகத் தொடையில் ஆதி தாளம் போட்டது. சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் அடி, வரவே இல்லை. நாலைந்து நாள் தோற்றபிறகுதான் உறைத்தது: அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள மௌனம் நீண்டு சுருங்குகிறது, அந்தக் குரல்தான் அதற்கு அளவு. கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். பேண்டின் பித்தளை வாத்தியங்கள் மேலே வந்து விழும்போது முதுகு சிலிர்த்தது.

அடுத்த முயற்சி, புல்லாங்குழல்கள். சாக்ஸபோன் வாசிக்கும் ஐவரையும் குழல் எடுக்க வைத்து அடுக்குவது அகியோஷியின் கைவண்ணம். ஒரே ஓர் அடுக்கைக் கீபோர்டில் பிடிக்கப் பார்த்தேன். மேல் சுரமும் கீழ் சுரமும் சிக்கின. நடுவில் உள்ளவை பால்கோவா மாதிரி கலந்து கிடக்கின்றன. விட்டுவிட்டேன்.

நான்காவது வாரத்தை 1976இன் 'இன்சைட்ஸ்' தின்றுவிட்டது. 21 நிமிடத்துக்கும் மேல் ஓடும் 'மினமாட்டா' அதில்தான் இருக்கிறது. சிஸ்ஸோ ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக நோயாகி, மினமாட்டா என்ற ஜப்பானிய ஊரையே முடக்கிய கதை. அந்த நோய் அதிகாரபூர்வமாகத் தெரியவந்த 1956இல்தான் அகியோஷி பாஸ்டனுக்குப் படிக்கப் போனார். தொடக்கத்தில் பாடும் சிறுமி அவருடைய மகள் மிச்சிரு. பிறகு பேண்ட் வளம் கொழிப்பதுபோல உற்சாகமாகப் பெருகுகிறது. எனக்கு அந்த உற்சாகம்தான் பயமாக இருந்தது. இதை ராத்திரி கேட்காதீர்கள்.

'லாங் எல்லோ ரோட்', 'டேல்ஸ் ஆஃப் எ கோர்ட்டிசன்' இரண்டையும் ஐந்தாவது வாரத்தில் சமையல் செய்துகொண்டே கேட்டுவிட்டேன், அது கணக்கில் சேராது. 'மார்ச் ஆஃப் தி டாட்போல்ஸ்' பக்கம் இன்னும் காலி. டாட்போல் என்றால் தலைப்பிரட்டை. குழல் அடுக்குக்காக நான் கிறுக்கிய சுரக்குறிகளும் நோட்டில் அப்படித்தான் நெளிகின்றன.