கோவையில் கோப்பை வாங்கிய சென்னை

பெயரில் சென்னை, சொந்த மைதான ஆட்டமெல்லாம் கோவை நேரு ஸ்டேடியத்தில். ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் 2018-19 சீசனில் சென்னை சிட்டி எஃப்சி சாம்பியன் ஆகும் என்று ஆரம்பத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சிங்கப்பூர்காரரான கோச் அக்பர் நவாஸ், பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடாமல் தரையிலேயே உருட்டி விளையாட வைத்தார். பெட்ரோ மன்ஸி முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக் போட்டு, சீசன் முடிவில் 21 கோலில் நின்றார், நம்ம ஊர் எட்வினும் ரொமாரியோவும் அணியில் இருந்த ஸ்பானிஷ் ஆட்களுக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை.

2019 மார்ச் 9, கடைசி நாள். கொல்கத்தா அணியான ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா அணியோடு ஆடுகிறது. இங்கே ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது, இடைவேளை வரை வயிற்றில் புளியைக் கரைத்தது. அப்புறம் மன்ஸி பெனால்டியில் சமன் செய்ய, மீதி இரண்டையும் போட்டது யார் தெரியுமா? கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர்! 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்துவிட்டது, அதாவது டிரா ஆகியிருந்தாலே கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். 43 புள்ளி, 42 புள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

தேசிய லீக்கைத் தமிழ்நாட்டு அணி ஒன்று வென்றது அதுதான் முதல் தடவை. கிரிக்கெட் என்றால் ஊரே பட்டாசு வெடித்திருக்கும், இதற்கு மறுநாள் டீக்கடையில்கூடப் பேச்சில்லை, எனக்கு இன்னும் அது ஆறவில்லை.