"எனக்கும் வந்துருமா?"

அம்மாவுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா). நேற்று தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணா, எனக்கும் வந்துருமா?" 20 வயதில் நானும் இதே கேள்வியோடு தூங்காமல் கிடந்தவன்.

பொதுவாக 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும் நோய் இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் மீதிப் பேருக்கு வருவதில்லையே! ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்றில்லை. காரணம் ஒற்றை மரபணு அல்ல. 2022இல் வெளியான பெரிய ஆய்வு மரபணுத் தொகுதியில் இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

கஞ்சா பக்கம் மட்டும் போகாதே, அது நமக்கு ஆபத்தைக் கூட்டும் என்றேன். அப்புறம், யாருமில்லாதபோது குரல் கேட்டால் அன்றைக்கே என்னிடம் சொல் என்றேன். சரி என்றாள்.