டிராக்குக்கும் போகும் சாலைக் காருக்கு எந்த பிரேக் பேட்?

அன்றாடம் ஓட்டும் காரையே பந்தய டிராக்குக்கும் கொண்டுசெல்லும் நண்பர்கள் பிரேக் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுத் துண்டு, வாங்கும் முன் கேட்பது, எந்த நிறுவனத்தின் பேட் நல்லது என்பதைத்தான். நிறுவனத்தின் பெயரை நான் கடைசியில்தான் பார்ப்பேன். டிஸ்க் எவ்வளவு சூடாகிறது, டயர் எவ்வளவு பிடிக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும். அவை தெரியாமல் வாங்கினால், பந்தயக் கார்களில் பேர்பெற்ற பேட்கூட நம் காருக்குப் பொருந்தாமல் போகலாம்.

முதலில் வெப்பம். 1400 கிலோ எடையுள்ள ஒரு கார், நேர்பாதையின் முடிவில் மணிக்கு 180 கிலோமீட்டரிலிருந்து 72 கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மிதியில் ஏறத்தாழ 14.7 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். அதில் 70 சதவீதத்தை முன்பக்க பிரேக் ஏற்கிறது என்றும், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 8 கிலோ வார்ப்பிரும்பு என்றும் கொண்டால், டிஸ்க்கின் வெப்பநிலை அந்தச் சில வினாடிகளில் மட்டும் 130 டிகிரி அளவுக்கு உயரும். அது ஆறி முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். நகரச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதுமாக நிறுத்தினாலும் இந்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. தொழிற்சாலையிலிருந்து காரோடு வரும் பேட், அந்த நகரச் சாலைக்காக, குளிர்ந்த நிலையிலும் மழையிலும் உடனே பிடிப்பதற்காக, சத்தமும் தூளும் குறைவாக இருப்பதற்காக உருவாக்கப்பட்டது. டிராக்கில் அது தோற்பதை அதன் குறையாக நான் கருதுவதில்லை.

தோற்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் காலால் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். பேட்டின் துகள்களைப் பிணைக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடானால் சிதைந்து வாயுவை வெளிவிடும், உராய்வு சரியும். அப்போது பெடல் வழக்கம்போல் கெட்டியாகவே நிற்கும், எவ்வளவு அழுத்தினாலும் கார் மட்டும் கேட்காது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டாலோ பெடலே தொளதொளவென்று தரையை நோக்கி இறங்கிவிடும். இந்த இரண்டாவது நிலைக்குப் புதிய பேட் மருந்தாகாது. பிரேக் ஆயிலுக்கான தரங்களுள் ஒன்றான டாட் 4-இன்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; ஈரத்தை உறிஞ்சிய பின் அதே தரம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். ஆகவே பேட்டைப் பற்றி யோசிக்கும் முன் ஆயிலை மாற்றுங்கள் என்பதே என் முதல் வார்த்தை. 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை கொண்ட பந்தய ஆயில்கள் கிடைக்கின்றன. அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சிலிக்கோன் அடிப்படையிலான டாட் 5 ஆயிலை மட்டும் இவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது.

டிஸ்க்கின் வெப்பநிலையை ஊகிக்க வேண்டியதில்லை. வெப்பத்தால் நிறம் மாறும் பெயின்ட்டை டிஸ்க்கின் வெளி விளிம்பில் மூன்று சிறு கோடுகளாகத் தீட்டிவிட்டு ஓட்டலாம். பொதுவாகக் கிடைக்கும் தொகுப்பில் பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். ஓட்டம் முடிந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கையில் பச்சைக் கோடு வெளுத்து, ஆரஞ்சு அப்படியே இருந்தால், அந்த டிஸ்க் 430-ஐத் தாண்டியிருக்கிறது, 560-ஐத் தொடவில்லை என்று பொருள். பேட் நிறுவனங்கள் வெளியிடும் வெப்பநிலை–உராய்வு வரைபடத்தை அதன் பிறகு எடுத்துப் பார்த்தால் அது உங்களோடு பேசும். உச்ச வெப்பநிலை எண்ணைவிட, உங்கள் கார் உண்மையில் இருக்கும் பகுதியில் கோடு எவ்வளவு தட்டையாக ஓடுகிறது என்பதையே நான் பார்ப்பேன். பேட்டின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் எஃப்எஃப், ஜிஜி போன்ற எழுத்துகளை டிராக்குக்கு வழிகாட்டியாகக் கொள்ள வேண்டாம். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை என்பது சரிதான்; ஆனால் அந்த எழுத்துகளைத் தரும் சோதனை 350 டிகிரிக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது, நமக்கு வேண்டிய விவரமோ அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

அடுத்தது டயர். குளிர்ந்திருக்கும் நல்ல பிரேக் எதுவும் சாலை டயரைச் சுழலவிடாமல் பூட்டிவிடும் வலிமை உடையதே. ஆகவே அதிக உராய்வுள்ள பேட் மாட்டினால் நிறுத்தும் தூரம் குறையும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் நிறைவேறாது. தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிமானம். டிராக் பேட் தருவது, பத்தாவது லேப்பிலும் (சுற்றிலும்) முதல் லேப்பைப் போலவே பிடிக்கும் உறுதியைத்தான். சாதாரணச் சாலை டயரோடு, தொட்டவுடன் கடித்துப் பிடிக்கும் கடும் பேட்டை இணைத்தால், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் அடிக்கடி தலையிடும். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைச் சிறிது சிறிதாக விடுவதும் கடினமாகும். புதிதாக டிராக்கில் ஓட்டப் பழகுபவருக்கு, காலின் அழுத்தத்துக்கு ஏற்ப அளவாகப் பிடித்து அளவாக விடும் பேட்தான் ஏற்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தன் டிஸ்க் எட்டும் வெப்பத்தைத் தாங்கும் பேட்களுள் மிக மென்மையாகப் பிடிப்பதைத் தேர்ந்தெடுப்பதே நான் பின்பற்றும் முறை.

முன்னும் பின்னும் உள்ள சமநிலையையும் கெடுக்கக் கூடாது. பின்பக்கம் மட்டும் கடும் பேட் மாட்டுவது ஆபத்து, ஏனெனில் பின் சக்கரம் முதலில் பூட்டினால் கார் சுழலும். முன்பக்கம் மட்டும் மாற்றினால் கார் நிலையாக இருக்கும், ஆனால் பின் பிரேக்கின் பங்கு குறைந்து முன்பக்கத்தின் சுமை இன்னும் ஏறும். ஒரே நிறுவனத்தின் ஒரே வகைப் பேட்களில் முன்னுக்குச் சற்று வலுவானதும் பின்னுக்கு ஒரு படி மென்மையானதும் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும். கார் சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இயங்கும் கார்களில், அது தானாகவே தனித்தனிச் சக்கரங்களைப் பிடிப்பதால் பின் பேட் எதிர்பாராத வேகத்தில் தேய்வதும் உண்டு.

இனி, வீட்டுக்குத் திரும்பும் பயணம். முழுமையான பந்தய பேட்களுள் பல, குளிர்ந்த நிலையில் குறைவாகவே பிடிக்கும், கிறீச்சிடும், டிஸ்க்கை அராவித் தேய்க்கும். அவற்றின் தூள் நனைந்தால் சக்கரத்தின் பூச்சைக் கெடுக்கும். சாலைப் பயன்பாட்டுக்கான ஒப்புதலும் பலவற்றுக்கு இருப்பதில்லை. இரண்டுக்கும் பொதுவானவை என்று விற்கப்படும் பேட்கள், எடை குறைந்த காருக்கும் தொடக்க நிலை ஓட்டத்துக்கும் போதுமானவை. வேகம் கூடிய பிறகு சாலைக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று என இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதே மேல். நகரும் கேலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) உள்ள பெரும்பாலான கார்களில், ஒரு போல்ட்டைக் கழற்றிக் கேலிப்பரை மேலே தூக்கினால் பேட் கைக்கு வந்துவிடும். மாற்றியதும் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டிப்படுத்தாமல் காரை நகர்த்தக் கூடாது.

புதிய பேட்டை முறையாகப் பழக்குவதும் தேர்வின் ஒரு பகுதியே. படிப்படியாக வேகத்தைக் கூட்டி, முழுவதும் நிறுத்தாமல் பலமுறை பிரேக் பிடித்து, பிறகு நன்றாக ஆறவிட்டால், பேட்டின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படியும். சூடான நிலையில் பெடலை மிதித்தபடியே நின்றுவிட்டால் பேட் பொருள் ஓரிடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்லும் அதிர்வுக்குப் பல நேரங்களில் இந்தத் திட்டே காரணம். அதனால்தான் கடைசி லேப்பைப் பிரேக்கைக் கூடியவரை தொடாமல் மெதுவாக ஓட்டி, நிறுத்தியபின் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொல்கிறார்கள்.

தடிமனைப் பொறுத்தவரை, சாலையில் பேட் பாதி தேய்ந்திருந்தால் இன்னும் காலம் இருக்கிறது என்று பொருள். டிராக்கில் அப்படி இல்லை. பேட் மெலிய மெலிய டிஸ்க்கின் வெப்பம், பேட்டைத் தள்ளும் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் எளிதாகக் கடந்துவிடும். ஆகவே பாதிக்குக் கீழே தேய்ந்த டிராக் பேட்டோடு நாளைத் தொடங்க நான் சம்மதிப்பதில்லை. உள்பக்கப் பேட்டையும் வெளிப்பக்கப் பேட்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தால், புதிய ஜோடியை மாட்டும் முன் கேலிப்பரைத் தாங்கி நகரவிடும் ஊசிகள் (பின்கள்) தடையின்றி நகர்கின்றனவா என்று சோதித்து, பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது பூச வேண்டும்.